மாஜோங் தாளா, பேட்லெட்டா, கூகல் டாக்ஸா?

வகுப்பில் குழு வேலை என்றாலே ஒருவர் எழுதுவார், ஒருவர் வண்ணம் தீட்டுவார், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு நல்ல மருந்து ஜிக்சா முறை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியதும் மூண்ட பகையைத் தணிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்தது. ஆளுக்கொரு துண்டுச் செய்திதான் கிடைக்கும். அடுத்தவர் வாய் திறந்தால்தான் மீதி தெரியும்.

பினாங்கில் இதற்குப் பாடம் தேடி அலைய வேண்டாம். ஜார்ஜ்டவுனில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், குவான் யின் கோயில் எல்லாம் நடை தூரம்தான். நாலு பேர், நாலு தலம். எல்லாக் குழுவிலும் பள்ளிவாசலை எடுத்தவர்கள் முதலில் ஒன்றுகூடிப் படித்துவிட்டு, அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். சரி, இதை எதில் செய்வது?

கூடிப் பேசுவதற்கு மாஜோங் தாள் என்ற பெரிய தாளை மிஞ்ச எதுவுமில்லை. தரையில் விரித்ததும் நாலு தலையும் தானாகக் குனியும். ஆனால் மார்க்கர் யார் கையிலோ அவர் வைத்ததே சட்டம். ஒரே கையெழுத்தைப் பார்த்து ஆசிரியர் யாருக்கு எவ்வளவு புள்ளி போடுவது?

அங்கேதான் பலர் ஒரே ஆவணத்தில் இணையத்தில் எழுதும் கூகல் டாக்ஸ் முந்துகிறது. பதிப்பு வரலாற்றைத் திறந்தால் எந்த வரியை யார் எழுதினார், யார் அழித்தார் என்று நிறம் நிறமாகக் காட்டிவிடும். பிள்ளைகள் மலேசியக் கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமாவின் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நுழையாமல் வெறும் இணைப்பைத் தட்டி வந்தால் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு விலங்கின் படம் வரும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆசிரியருக்குத் திண்டாட்டம். தமிழ்த் தட்டச்சும் ஒரு தடைதான். ரோமன் எழுத்தில் ஒலிப்படி தட்டும் விசைப்பலகை இருந்தால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சமாளிப்பார்கள். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி தமிழுக்கும் உண்டு. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பில் அது என்னத்தை எழுதும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

இணையக் குறிப்புப் பலகையான பேட்லெட், பாடத்தின் தொடக்கத்துக்கு. ‘இந்தக் கோயிலைப் பற்றி என்ன தெரியும்?’ என்று கேட்டால், கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளையும் ஒரு வரி போட்டுவிடும். பிள்ளைகளுக்குக் கணக்கு தேவையில்லை. ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே பதிவு தெரியும்படியும் வைக்கலாம். ஆனால் குறிப்புகள் அக்கம்பக்கமாக நிற்குமே தவிர ஒன்றோடொன்று சேராது. அதை நான் கூட்டு வேலைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

வடிவமைப்புச் செயலியான கேன்வா? எழுத்துரு தேர்ந்தெடுப்பதற்குள் மணி அடித்துவிடும்.

என் தேர்வு: படித்துப் பேசும் கட்டத்துக்குத் தாள், குழுவுக்குத் திரும்பி எழுதும்போது டாக்ஸ். கணினிக் கூடத்தில் இருவருக்கு ஒரு கணினிதான் என்றால் யார் தட்டினார் என்ற கணக்கு குழம்பிவிடும். அன்றைக்குத் தாளோடு நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு நிற மார்க்கரைக் கொடுத்துவிடுங்கள்.