பிளக் வயரில் சுற்றும் குட்டி ஆர்பிஎம் மீட்டர்: அவுட்போர்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து மாட்டியதும் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறதே, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) ஓடுகிறது என்று காட்டும், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டிஜிட்டல் மீட்டர், அதைத்தான் சொல்கிறேன். பைக், ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே சரக்குதான், மேலே ஒட்டிய பெயர் மட்டும் மாறும். நான் மாட்டியது யமஹா எண்டியூரோ 15 அவுட்போர்டில், அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சினில். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடல், படகில் பேட்டரியே கிடையாது. முள் வைத்த பெரிய மீட்டருக்கு 12 வோல்ட்டும் சார்ஜிங் காயிலிலிருந்து ஒரு வயரும் வேண்டும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதற்கு உள்ளேயே செல் இருக்கிறது.

மாட்டுவது சுலபம். ஏதாவது ஒரு ஸ்பார்க் பிளக் வயரில் இதன் வயரை நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றி டை போட்டுவிட்டால் போதும், எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். பிளக்குக்குப் போகும் உயர் அழுத்த மின்சாரம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் இந்தச் சுற்றில் ஒரு சின்னத் துடிப்பு எழும், மீட்டர் அதை எண்ணிக்கொள்ளும். எண் கன்னாபின்னாவென்று தாவினால் ஒரு சுற்றைக் குறைத்துப் பாருங்கள், மீட்டர் வயர் இன்னொரு பிளக் வயரை உரசாமல் தள்ளிக் கொண்டுபோங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

அடுத்து செட்டிங். டூ ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. பல ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் இரண்டு சுற்றுக்கு ஒன்று; சிலவற்றில் புகை வெளியேறும்போதும் வீணாக ஒரு பொறி விழுவதால் அங்கேயும் சுற்றுக்கு ஒன்றுதான். எனக்கு வந்த மீட்டர் இரண்டு சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்ததால் எல்லாமே இரட்டிப்பாகக் காட்டியது, ஐடிலிலேயே 1,800! பட்டனை அழுத்திப் பிடித்து 1பி1ஆர் (ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு) என்று மாற்ற வேண்டும். இதைப் பற்றி உள்ளே இருந்த துண்டுச்சீட்டில் ஒரு வரி கூட இல்லை, விற்றவரிடம் கேட்டால் பதிலும் இல்லை. இதற்கே ஒரு ஸ்டார் குறைக்கலாம்.

மாற்றிய பிறகும் சரிபார்க்காமல் விடக்கூடாது. லேசர் டாக்கோமீட்டர் இருந்தால் ஃப்ளைவீலில் (எஞ்சின் உச்சியில் சுற்றும் கனமான சக்கரம்) மின்னும் டேப் ஒட்டிப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் சோக் போட்ட பழைய டியூப் லைட் போதும். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஃப்ளைவீலில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, இருட்டான ஷெட்டில், எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, நியூட்ரலில் ஓட்டிக்கொண்டே மெதுவாகத் திராட்டிலைத் திருப்புங்கள். 1,500 வரும்போது அந்த ஒரு கோடு நான்காகத் தெரிந்து கூட்டல் குறி மாதிரி அசையாமல் நிற்கும். என் மீட்டர் அப்போது 1,490-க்கும் 1,510-க்கும் நடுவே ஆடியது. எல்ஈடி டியூப்பில் பெரும்பாலும் இது சரிவராது. ஃப்ளைவீல் தெரிய வேண்டுமானால் மேலே உள்ள கயிறு ஸ்டார்ட்டரைக் கழற்றி, அவசரக் கயிறு சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், சுற்றும் சக்கரம் திறந்தே இருக்கும். லுங்கி, துண்டோடு பக்கத்தில் போகாதீர்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? இந்த எஞ்சினுக்கு ஃபுல் திராட்டிலில் 4,500 முதல் 5,500 வரை வர வேண்டும். வழக்கமான சுமையோடு ஓட்டியபோது 4,300-ஐத் தாண்டவில்லை. எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ புரொப்பல்லர் மேல் சந்தேகம். அதன் பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது கணக்குப்படி முன்னேறும் தூரம்) ஒரு இஞ்ச் குறைந்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும் என்பது பொதுக் கணக்கு. 11 இஞ்ச் பிட்ச் புரொப்பல்லரை எடுத்துவிட்டு 9 போட்டதும் 4,650-க்கு வந்தது, படகும் சீக்கிரமே தலையைத் தாழ்த்தி ஓடத் தொடங்கியது. மெக்கானிக் இன்னும் எஞ்சினைத்தான் சந்தேகிக்கிறார், அது வேறு கதை.

குறைகளும் உண்டு. போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்த்துப் பார்த்தால் திரை கறுப்பாகிவிடும். செல்லை மாற்ற முடியாது. கூடவே தரும் திருகுகள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஓடிய நேரத்தையும் கணக்கு வைக்கிறது என்பது கியர் ஆயில் மாற்றும் நாளை மறந்துபோகிறவர்களுக்கு நல்ல உபகாரம்.

செல்ஃப் ஸ்டார்ட், பேட்டரி எல்லாம் உள்ள எஞ்சினாக இருந்தால் முள் மீட்டருக்கே போங்கள். அதன் பின்னால் 4, 6, 12 என்று ‘போல்’ (காந்த முனை) சுவிட்ச் இருக்கும், ஃப்ளைவீல் காந்தத்தின் முனை எண்ணிக்கைக்கு அதைப் பொருத்த வேண்டும். 12-இல் வைக்க வேண்டியதை 4-இல் வைத்தால் மூன்று மடங்கு காட்டும்.