ஓப்பன் சோர்ஸ் டெவலப்பருக்குத் தவணையாகத்தான் பணம் போகும் என்றார்கள், ₹2,40,000 ஒரே ராத்திரியில் போனது: எச்சரிக்கை

நேற்று இரவு பதினோரு மணிக்கு, டெவலப்பர்களுக்குப் பணம் திரட்டும் அந்தத் தளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. இரண்டே வரி. "உங்கள் புகார் பரிசீலித்து முடிக்கப்பட்டது. சமூகத்தின் முடிவுகளில் நாங்கள் தலையிடுவதில்லை." அதோடு டிக்கெட்டையும் பூட்டிவிட்டார்கள், இனி அதில் எழுத முடியாது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். என் பணம் மட்டும் என்றால் வயிற்றெரிச்சலோடு விட்டிருப்பேன். பதினொரு பேர் பணம் இது. அதில் பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தவர்கள்.

தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பிளாக்செயின் திட்டங்களுக்கு வேலை செய்யும் ஓப்பன் சோர்ஸ் (கோடை எல்லாருக்கும் திறந்து வைக்கும்) டெவலப்பர்களுக்குப் பொதுவில் பணம் திரட்டிக் கொடுக்கும் தளம், அவ்வளவு போதும். எப்படி மாட்டினேன், மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் டெஸ்டர். 2021ல் கூடப் படித்தவர்களும் வீட்டு ஆட்களுமாக ஒரு சின்ன கிரிப்டோ காயினில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டோம். காயினை வைத்துக்கொள்ள எல்லாருடைய போனிலும் ஒரே வாலட் ஆப். அதை ஒருவர் சம்பளம் இல்லாமல் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டுக் கடைசியில், குடும்பச் சூழ்நிலையால் இனி முடியாது என்று நல்ல விதமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கினார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்த ஆண்டு அந்த செயினில் ஹார்ட் ஃபோர்க் வருகிறது, அதாவது பழைய மென்பொருள் ஒத்துப்போகாத அளவுக்கு விதிகள் மாறுகின்றன. அதற்குப் பிறகு பழைய ஆப் செயினை நடத்தும் எந்தக் கணினியுடனும் (நோடு) பேசாது. வாலட்டை மீட்க உதவும் ரகசிய சீட் வார்த்தைகள் கையில் இருக்கிறவரை காயின் தொலையாது, கணினியில் கட்டளைகளைத் தட்டி (கமாண்ட் லைன்) எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது முடியும். குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மாமாவுக்கு எப்படி முடியும்?

அப்போதுதான் ஒரு ஆளின் விண்ணப்பம் அந்தத் தளத்தில் வந்தது. வாலட்டைத் தான் எடுத்து நடத்துவதாகவும், ஹார்ட் ஃபோர்க்குக்கு முன்பே தயார் செய்து தருவதாகவும், மூன்று கட்டமாக வேலை, மூன்று கட்டமாகப் பணம் என்றும் எழுதியிருந்தான்.

ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. 2014ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், இணையத் தகவலைப் பூட்டி அனுப்ப உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலபேர்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. டேஷ் போன்ற காயின்களில் புதிதாக உருவாகும் காயினிலேயே (பிளாக் ரிவார்ட்) ஒரு பங்கை எடுத்து வைத்து, ஓட்டுப் போட்டு, வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஸீகேஷ் என்ற காயினில் 2020 நவம்பரிலிருந்து புதிதாக வரும் காயினில் 20 சதவீதம் வளர்ச்சிப் பணிக்குப் போனது. எங்கள் காயினில் அப்படி ஏற்பாடே இல்லை. நாமே கையிலிருந்து கொடுத்தால்தான் உண்டு. இதையெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்தான். அதை நினைத்தால்தான் இப்போது நெஞ்சு எரிகிறது.

எழுதிவிட்டேனே ஒழிய எனக்கும் தயக்கம் இருந்தது. மார்ச் இரண்டாவது வாரம் அவனை வீடியோ காலில் கூப்பிட்டேன். முகம் காட்டினான். திரையைப் பகிர்ந்து கோடைத் திறந்தான், டெஸ்ட் ஓட்டினான், வரிசையாகப் பச்சை டிக் விழுந்தது. முதல் பத்து நிமிடம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் பின்னால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு நாகர்கோவிலா?" என்று தமிழில் கேட்டான். அம்மாவுக்குக் கருங்கல் பக்கம், சின்ன வயதில் லீவுக்கெல்லாம் அங்கேதான் என்றான். நான் என் தயக்கத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "பயப்படாண்டாம் அண்ணே. நம்ம ஊர்க்காரங்க பைசாவுக்கு நான் பொறுப்பு" என்றான்.

அந்த 'பயப்படாண்டாம்'தான், எங்கள் ஊர்ப் பேச்சு. சென்னையில் எட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அந்தச் சொல்லை அங்கே ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகு நான் ஒன்றையும் சரிபார்க்கவில்லை. அவன் அம்மா உண்மையிலேயே கருங்கல்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரியே குழுவில் எழுதினேன்: "பேசிட்டேன், நம்ம ஆளுதான், தைரியமா கொடுக்கலாம்." மஸ்கட்டில் இருக்கும் நண்பன் ஐம்பதாயிரம் போட்டான். மாமா நாற்பதாயிரம். இலையுதிர்ச்சியில் பால்வெட்டு நிற்பதற்கு முன் ரப்பர் ஷீட் விற்று, வெட்டு இல்லாத நாட்களுக்காக எடுத்து வைத்திருந்த பணம் அது. மைனி (அண்ணி) சீட்டு எடுத்ததில் இருபத்தைந்தாயிரம் தந்தார். மற்ற ஏழு பேர் சேர்ந்து நாற்பதாயிரம். என்னுடையது எண்பத்தைந்தாயிரம். ஆக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். எல்லாவற்றையும் ஜிபேயில் என் கணக்குக்கு வாங்கி, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் டாலர் மதிப்போடு கட்டிய யுஎஸ்டிடி காயின் எடுத்து, என் வாலட் வழியாக அந்தத் தளத்தின் மல்டிசிக் முகவரிக்கு மார்ச் 20ஆம் தேதி அனுப்பினேன்.

மல்டிசிக் என்றால் மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும். சாவிகள் 'சமூக ரிவ்யூவர்கள்' மூன்று பேரிடம் இருக்கும், ஒவ்வொரு கட்ட வேலையையும் அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்தத் தவணை போகும் என்று தளத்தில் எழுதியிருந்தது. மொனேரோ என்ற காயினின் சமூகத்திலும் திரட்டிய பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் விடுவிப்பார்கள் என்று படித்திருந்ததால் எனக்கும் இது சரியாகவே பட்டது. அந்த ரிவ்யூவர்கள் யார், அவர்களை நியமித்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதி ராத்திரி மூன்று கட்டமும் 'முடிந்தது' என்று ஒப்புதல் ஆகி, மூன்று தவணையும் போய்விட்டது. பணம் அனுப்பிப் பதின்மூன்றே நாள். எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. ஜூனில், சோதனை செய்ய ஆப் எப்போது வரும் என்று கேட்கப்போனபோதுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கோடைத் திறந்து பார்த்தேன். கோடு வைத்திருக்கும் ரெப்போவில் நூற்றுக்கணக்கான கமிட் (மாற்றப் பதிவு), எல்லாம் அவன் பெயரில். அதில் பெரும்பாலும் வேறொரு வாலட் திட்டத்தின் பழைய கமிட்டுகள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். இந்தப் பதிவுகளை வைக்கும் கிட் மென்பொருளில் கமிட்டின் பெயரையும் தேதியையும் போடுகிறவர் விருப்பத்துக்கு எழுதிக்கொள்ளலாம், அது ஒன்றும் ரகசியம் இல்லை. அசல் திட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மொத்தம் 61 வரி. லோகோ, ஆப்பின் பெயர், இரண்டு லைப்ரரிகளின் பதிப்பு எண். ஹார்ட் ஃபோர்க்குக்கான வேலை ஒரு வரிகூட இல்லை. காலில் பச்சை டிக் விழுந்த டெஸ்டுகளைப் பிரித்தால், உள்ளே எதையும் சரிபார்க்காத வெறும் கூடு. டெஸ்டிங்தான் என் தொழில். அவன் ஓட்டிக் காட்டிய அன்றே அந்த ஃபைலை அனுப்பச் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை.

பணம் போன வழியையும் செயினில் பின்தொடர்ந்து பார்த்தேன். அவன் முகவரிக்குப் போன நாற்பது நிமிடத்தில் அங்கிருந்து இரண்டு முகவரிகளுக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. அந்த இரண்டும், தவணைக்குக் கையெழுத்துப் போட்ட ரிவ்யூவர்களின் முகவரிகள். எல்லாம் பிளாக்செயினில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது, இப்போதும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதைத்தான் வெளிப்படைத்தன்மை என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு ஒரு கதவுகூட இல்லையே!

கேட்டுப் பார்த்தேன். முதலில் அவனையே கேட்டேன். "மழையில கரண்ட் இல்லண்ணே" என்றான். அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்றான். குழந்தை பெயரைச் சொன்னதும் நானும் அடங்கிப்போய், "முதல்ல பிள்ளையைப் பாருங்க தம்பி" என்று எழுதினேன். மூன்றாவது முறை 61 வரிக் கணக்கை அனுப்பினேன். அன்றோடு தமிழ் நின்றது. ஆங்கிலத்தில், இது எம்ஐடி உரிமத்தில் வெளியிட்ட மென்பொருள், உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒரு பதில். அந்த வரி, இலவசமாக வெளியிட்ட கோடை எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்கிற வரி. இன்ன வேலையை இன்ன தேதிக்குள் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் காயினின் சமூகக் குழுவில் கேட்டேன். மாடரேட்டர் ஒருவர், ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள் தன்னார்வலர்கள், அவர்களை மிரட்டக் கூடாது என்று எனக்கு வகுப்பு எடுத்தார். தன்னார்வலரை யார் மிரட்டினார்கள்? கூலி வாங்கியவனிடம் வேலை எங்கே என்று கேட்டேன். நான் பதில் எழுதுவதற்குள் ஏழு நாளைக்கு என்னைப் பேச முடியாமல் செய்துவிட்டார்கள். அங்கே இன்னும் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இதே ஆளிடம் பணம் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பி, விடுங்கள், இதெல்லாம் சகஜம் என்றார். அவருக்குச் சகஜமாக இருக்கலாம்.

தளத்துக்கு ஆதாரத்தோடு ஐந்து முறை எழுதினேன். ரிவ்யூவர்களுக்குப் பணம் போனதைக் காட்டியபோது, "அது அவர்களின் தனிப்பட்ட பரிவர்த்தனை" என்று பதில். ஐந்தாவது டிக்கெட்டின் முடிவைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கும் கூப்பிட்டேன், ஆன்லைனில் புகாரும் பதிந்தேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் பணம் போய் மூன்று மாதம் ஆகிறது. வங்கிக் கணக்கில் பார்த்தால் நானே என் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியதாகத்தான் இருக்கும். உடனே முடக்கி வைக்க எதிரில் ஒரு வங்கிக் கணக்கு இல்லை. கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி. அதில் வரும் நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் வழி கிடையாது.

மைனியிடம்தான் முதலில் சொன்னேன். திட்டவில்லை. போன வருடம்தான் பார்வதிபுரத்தில் வீடு கட்டி முடித்தார்கள். "தம்பி, லிண்டல் மட்டம் வந்த பொறவுதான் காண்ட்ராக்டருக்கு அடுத்த தவணை கொடுத்தோம். அதையும் உங்க அண்ணன் ஏணி வச்சு ஏறிப் பாத்துட்டுத்தான் கொடுத்தாரு. இவன் வேலைய ஏறிப் பாத்தது யாரு?" என்று கேட்டார். அவனுடைய ஆட்கள்தான் பார்த்தார்கள் மைனி என்று சொன்னேன்.

விவரமாக ஒரு பட்டியல் போட நினைத்தேன், நேரம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். தவணைக்குக் கையெழுத்துப் போடும் சாவிகளில் ஒன்று பணம் கொடுக்கிறவர்கள் பக்கம் இருக்கட்டும், அது இல்லாமல் பணம் நகராதபடி வையுங்கள், முடியாது என்றால் கொடுக்காதீர்கள். கமிட் எண்ணிக்கையை நம்பாதீர்கள், அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கோடு தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளை யாரிடமாவது காட்டுங்கள். முதல் கட்டத்தைச் சின்னத் தொகையாக வைத்து, ஆப் உங்கள் போனில் ஓடிய பிறகு அடுத்ததைக் கொடுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930. நான் மூன்று வாரம் அவன் மகளின் காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன்.

முன்பு வாலட்டைப் பார்த்தவருக்கு நேற்று விஷயத்தை எழுதினேன். ஹார்ட் ஃபோர்க்குக்கு வேண்டிய மாற்றத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து தருகிறேன், பணம் வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறார். அவருக்குத்தான் அந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போயிருக்க வேண்டும்.

மஸ்கட்காரனுக்கு இன்று காலை சொல்லிவிட்டேன். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த மழைக்கு அங்கே பால்வெட்டும் நடக்கவில்லையாம். போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சாயங்காலம் வடசேரியில் குலசேகரம் பஸ் ஏறுகிறேன்.