ஏழரைப் பவுணுக்கு ஐந்து பக்கம்

என் அம்மாயிக்கு 88 வயது. அவருடைய தாத்தா ஸ்கொட்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த தோட்டத்துத் துரை. எங்களிடம் மிஞ்சியிருந்தது அவருடைய முழுப் பெயரும் 'பிறப்பு 1848, கின்கார்டின்ஷயர்' என்ற ஒற்றை வரியும்தான். இங்கே லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்தப் பக்கத்துக்காரர் என்பதில் அம்மாயிக்குத் தனிப் பெருமை.

கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபடியே ஸ்கொட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற இணையத்தளத்தில் தேடினேன். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துவது. அட்டவணையில் தேடுவது இலவசம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்க 6 கிரெடிட், அதாவது 1.50 பவுண். 30 கிரெடிட் வாங்கினேன்.

முதல் நாள் துரை கிடைக்கவே இல்லை. அங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1855இல். அதற்கு முந்தியவை கோவில் பற்றுப் புத்தகங்கள், அதாவது ஒவ்வொரு பகுதித் தேவாலயமும் வைத்திருந்த பதிவுகள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்: ஓரிடத்தில் 'மெக்', இன்னோரிடத்தில் 'மாக்'. சிலவற்றில் தாயின் பெயரே இராது. 1843இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபை பிளந்த பிறகு, பிரிந்து போனவர்களின் பிள்ளைகள் பலர் இந்தப் புத்தகங்களில் ஏறவும் இல்லை.

பெயரின் நடுவில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடியதும் அடுத்தடுத்த பற்றுகளில் இருவர் வந்தார்கள். ஒருவர் 1846, மற்றவர் 1849. எங்கள் 1848 இரண்டிலும் இல்லை! முதலில் திறந்தது ஒரு தையற்காரரின் மகன். 6 கிரெடிட் வீண். இரண்டாவதைத் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். துரையின் பெயருக்கு நடுவே வரும் சொல்லை நாங்கள் மூன்று தலைமுறையாக ஊர்ப்பெயர் என்று நினைத்திருந்தோம். அது அவருடைய தாயின் குடும்பப் பெயர். தாய்வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது அவர்கள் வழக்கமாம். கலியாணமான பெண்ணையும் அவளுடைய தந்தைவழிப் பெயரிலேயே எழுதுவார்களாம். தேடப் போகிறவர்கள் ஆண்டை நம்பாதீர்கள், தாயின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் கலியாணம் இரண்டு பற்றுகளிலும் இருந்தது, வெவ்வேறு திகதிகளில். முதலில் குழம்பினேன். மாப்பிள்ளையின் பற்றிலும் பெண்ணின் பற்றிலும் தனித்தனியே ஓலை (கலியாண அறிவிப்பு) வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். அதற்கு 12 கிரெடிட் போனது. வருத்தமில்லை.

காசு கொடுத்துத் திறக்கும் வரை பக்கத்தில் தகப்பனின் தொழில் எழுதியிருக்கிறதா என்று தெரியாது. அது ஒன்றுதான் குறை. படங்கள் தெளிவு, பழைய கையெழுத்துக்குக் கண் பழக ஒரு மாலை போதும்.

அம்மாயியிடம் வாசித்துக் காட்டினேன். துரையின் அம்மா பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "துரையோடு இருந்த என் பாட்டியின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பாட்டி கொழுந்து கிள்ளியவர். அந்தத் தோட்டத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவு) புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். அம்மாயியிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.

மிச்சம் 6 கிரெடிட் இருக்கிறது.