"நெகட்டிவ்" ரிப்போர்ட்டை நம்பிப் பன்றிக்குட்டி வாங்கினேன், 14 குட்டிகளைப் புதைத்தேன்

வெண்பன்றி வளர்க்கிறவர்கள், வளர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பண்ணையின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். என்னிடம் காட்டியது போன்ற ஒரு தாளைப் பார்த்து இன்னொருவர் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

இனப்பெருக்கப் பண்ணை ஒன்றிலிருந்து ஒன்பது வார யார்க்ஷயர் குட்டிகள் 22 வாங்கினேன். 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததும், 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளில் பன்றிகளைக் கொன்று புதைத்ததும், அடுத்த வருடமே முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததும் நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பயத்தில்தான் போனவுடன் பண்ணைக்காரரிடம் நோய்ப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "அண்ணா, தாய் எல்லாத்துக்கும் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டாச்சுங்க, குட்டி ரத்தமும் டெஸ்ட் பண்ணி நெகட்டிவ்னு வந்திருக்குங்க, தைரியமா ஏத்திட்டுப் போங்க" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலையில் நாலு குட்டிகள் தீவனத் தொட்டிப் பக்கமே வரவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு நடுங்கின, கண்ணெல்லாம் பீளை கட்டி ஒட்டியிருந்தது. காய்ச்சல் 106 டிகிரி. முதலில் மலச்சிக்கல், அப்புறம் தண்ணீராகக் கழிச்சல், பின்னங்கால் பின்னிப் பின்னி நடந்து அப்படியே உட்கார்ந்துவிட்டன. காதும் அடிவயிறும் நாவல்பழ நிறத்துக்கு மாறிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பன்னிரண்டு நாளில் 14 குட்டிகள் போயின, கூடவே நாலு வருடமாக என்னிடம் இருந்த ஒரு தாய்ப்பன்றியும். புதுக் குட்டிகளைத் தனிக் கொட்டிலில்தான் வைத்திருந்தேன், ஆனால் இரண்டு கொட்டிலுக்கும் தீவனம் போடுகிற ஆள் ஒருவர், அவர் கால் செருப்பும் ஒன்று. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவர் வந்து ஒரு குட்டியை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் முழுக்க ஊசியால் குத்தியது போல ரத்தப் புள்ளி, பெருங்குடலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்ட வட்டமாகப் புண். பழைய பன்றிக் காய்ச்சல் (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர், ஆப்பிரிக்கக் காய்ச்சல் வேறு வைரஸ்) போலத் தெரிகிறது, ஆனால் ஆப்பிரிக்கக் காய்ச்சலும் வெளியில் இப்படித்தான் இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். மாதிரி போபாலில் இருக்கிற ஆய்வகத்துக்குப் போய் முடிவு வருகிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை, பழைய பன்றிக் காய்ச்சல்தான் என்று வந்தது.

அப்புறம்தான் மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட் போட்டோவைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தவர், "இதில் என்ன சோதனை என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. "எலைசா, ஆன்டிபாடி, நெகட்டிவ்" என்று இருந்தது. அதாவது தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. நோய் தொற்றி முதல் ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபாடி காட்டவே காட்டாது. அதைவிட மோசம், தாய் சினையாக இருக்கும்போது இந்த வைரஸ் தொற்றினால் சில குட்டிகள் பிறக்கும்போதே அதைச் சுமந்துகொண்டு வரும், உடம்பு அதை எதிரியாகவே நினைக்காது, ஆன்டிபாடியும் உண்டாகாது. பார்க்க நல்லாயிருக்கும், கொஞ்சம் வளர்ச்சி குறைவாக இருக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் வைரஸைப் பரப்பிக்கொண்டே இருக்கும். 22-ல் ஒன்று ஆரம்பம் முதலே மெலிந்து, முடி நீண்டு இருந்தது. அதுவாக இருக்கலாம் என்பது மருத்துவரின் சந்தேகம்.

இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரிப்போர்ட்டில் குட்டிகளின் வயது நாலு வாரம் என்று போட்டிருக்கிறது. தாய்க்கு உண்மையிலேயே ஊசி போட்டிருந்தால், சீம்பால் வழியாக வந்த ஆன்டிபாடி நாலு வாரக் குட்டியின் ரத்தத்தில் இருந்தே ஆக வேண்டும். ஊசி போட்டது உண்மை என்றால் ரிப்போர்ட் பொய், ரிப்போர்ட் உண்மை என்றால் ஊசி பொய். தேதியைப் பார்த்தால் நான் வாங்குவதற்கு மூன்று மாதம் முந்தியது, என் குட்டிகள் அப்போது பிறக்கவே இல்லை. காது டேக் எண் எதுவும் கிடையாது. மாதிரி மொத்தம் ஆறு. பத்தில் ஒரு குட்டிக்கு நோய் இருக்கிற பண்ணையில் ஆறு குட்டியை மட்டும் எடுத்தால், பாதிக்கு மேற்பட்ட தடவை ஒன்றுகூடச் சிக்காது. 95 சதவீதம் நம்பிக்கை வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 30 எடுக்க வேண்டும்.

இப்போது நான் குட்டி கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம் இதைத்தான் கேட்கிறேன்: பால் மறக்கப் போகிற குட்டிகளில், பல ஈத்துகளிலிருந்து எடுத்த ரத்தமா, ஊதா மூடி டியூபில் (ரத்தம் உறையாத டியூப்) எடுத்து பிசிஆர் (வைரஸையே தேடும் சோதனை) பார்த்ததா, மாதாமாதம் பார்க்கிறீர்களா அல்லது ஒரே தடவையா, டேக் எண் எங்கே. செலவு அதிகம் என்பார்கள். ஐந்து குட்டி ரத்தத்தைச் சேர்த்து ஒரே பிசிஆராகப் பார்க்கலாம், செலவு குறையும். அமெரிக்காவில் பிஆர்ஆர்எஸ் என்ற, பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் பாதிக்கிற இன்னொரு வைரஸுக்கு, காயடிக்கும்போது எடுக்கும் விதைகளையும் வெட்டிய வால் நுனிகளையும் ஒரு வாளியில் சேர்த்து, வடிகிற நீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள், ஒரு கொட்டிலின் குட்டிகள் எல்லாம் அதில் அடங்கிவிடும். 2013-ல் மிசோரத்தில் அந்த நோயும் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. இங்கே அந்த வாளியை நாம் குழியில் கொட்டுகிறோம்.

விற்றவரைக் கூப்பிட்டால் "உங்க கொட்டில்ல சுத்தம் இல்லைங்க" என்றார், அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. போன வாரம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, குட்டி வாங்கலாமா என்று கேட்டு ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். அதே எண், அதே தேதி, அதே ஆறு மாதிரி. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லையாம், கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.