லிப்ரேஆபிஸா, ஓப்பன்ஆபிஸா?

இரண்டும் கடிதம், கணக்குத்தாள் போன்ற அலுவலக வேலைகளுக்கான இலவச மென்பொருள்கள். ஒரே மூலநிரலில் பிறந்தவை. 2010 தொடக்கத்தில், ஓப்பன்ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. ஓப்பன்ஆபிஸின் எதிர்காலம் குறித்துக் கவலைப்பட்ட நிரலாளர்கள் பலர் அந்தச் செப்டம்பரில் விலகி, டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை உருவாக்கி லிப்ரேஆபிஸைத் தொடங்கினார்கள். பழைய பெயரை ஆரக்கிள் விட்டுக்கொடுக்கும் என்று முதலில் நம்பினார்கள். நடக்கவில்லை. 2011-இல் ஆரக்கிள் ஓப்பன்ஆபிஸை அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்புக்குக் கொடுத்துவிட்டது.

பிளவை நிலைக்கச் செய்தது உரிமம்தான் என்பேன். அப்பாச்சி உரிமத்தில் உள்ள ஓப்பன்ஆபிஸ் நிரலை லிப்ரேஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரேஆபிஸில் எழுதியதை ஓப்பன்ஆபிஸ் அப்படி எடுக்க முடியாது. ஒருவழிப் பாதை! ஆள்பலமும் ஏற்கெனவே லிப்ரேஆபிஸ் பக்கம் வந்துவிட்டது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் இயங்குதளங்களும் லிப்ரேஆபிஸையே தருகின்றன.

சரி, பயன்பாட்டில்? மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பை ஓப்பன்ஆபிஸ் திறக்கும், அதே வடிவில் சேமிக்காது. அலுவலகக் கோப்புகளைத் திருத்தி அனுப்புகிறவருக்கு இது ஒன்றே போதும், லிப்ரேஆபிஸ் பக்கம் வர. தமிழ் எழுதுகிறவருக்கு இன்னொன்று: லிப்ரேஆபிஸின் 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற நிரல் செய்கிறது.

ஓப்பன்ஆபிஸ் 2014-இல் வந்த 4.1 வரிசையிலேயே சின்னத் திருத்தங்களோடு ஓடுகிறது. பழகிய முகப்பு மாறவே கூடாது என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். பெயர் மட்டும் இன்னும் அதற்குத்தான் பெரியது. புதியவர்கள் பலர் அந்தப் பெயரைத் தேடியே வருகிறார்கள்.