ஆர்டர் கேன்சல் ஆச்சு, அட்வான்ஸ் எங்கே போச்சு?

பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் டெமோவில் ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். பில் போடுவதை எல்லா சாஃப்ட்வேரும் ஒழுங்காகத்தான் செய்யும். பாதிப் பணம் வாங்கிய பில்லை கேன்சல் செய்து பாருங்கள், அப்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும்.

ஒரே கணக்கை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்ப்போம். 1,000-க்கு பில், 400 அட்வான்ஸ் வந்துவிட்டது, 600 பாக்கி. ஆர்டர் கேன்சல். இப்போது 600 மறைய வேண்டும், 400 மறையக் கூடாது.

டேலியில் ஆல்ட்+டி அடித்தால் வவுச்சரே (அந்த பில்லின் பதிவே) அழிந்துவிடும், ஆல்ட்+எக்ஸ் அடித்தால் எண் நிற்கும், தொகை மட்டும் போய்விடும். அவசரத்தில் பலரும் முதலாவதைத்தான் அடிக்கிறார்கள். தானாக எண் போடும் முறையில் ரீநம்பர் செட்டிங் இருந்தால், பின்னால் வரும் பில்கள் எல்லாம் ஒவ்வொரு எண் கீழே இறங்கிவிடும். கஸ்டமர் கையில் இருக்கும் தாளில் 57, நம் கணினியில் 56. இதை ஆடிட்டரிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சரி, ஆல்ட்+எக்ஸே அடித்தோம் என்று வைத்துக்கொள்வோம். 600 போய்விட்டது. ஆனால் அந்த 400-க்கான ரசீதை அந்த பில்லுக்கு எதிராக ('அகெயின்ஸ்ட் ரெஃப்') வரவு வைத்திருந்தோமே, அது இப்போது இல்லாத பில்லின் பெயரைச் சொல்லிக்கொண்டு பாக்கிப் பட்டியலில் கிரெடிட்டாக நிற்கும். ரசீதைத் திறந்து 'அட்வான்ஸ்' என்று நாம்தான் மாற்ற வேண்டும். பணம் தொலையவில்லை, பெயர்தான் தப்பு. எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிகிற தப்பைத் திருத்திவிடலாம்.

இதே இடத்தில் குவிக்புக்ஸ், ஸீரோ (Xero) என்ற இரண்டு ஆன்லைன் கணக்கு சாஃப்ட்வேர்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். குவிக்புக்ஸில் வாய்ட் செய்தால், அதாவது பில்லைச் செல்லாததாக்கினால், பில் எண் இருக்கும், தொகை பூஜ்ஜியமாகும், வந்த 400 எந்த பில்லிலும் சேராத தொகையாக கஸ்டமர் கணக்கில் ஒதுங்கிவிடும். ஸீரோவோ, பணம் வந்த இன்வாய்ஸை வாய்ட் செய்யவே விடாது. முதலில் அந்தப் பணத்தை இன்வாய்ஸிலிருந்து எடு, அப்புறம் வா என்கிறது. பழகாதவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நான் ஸீரோ பக்கம். 400 எங்கே போகப்போகிறது என்று அந்த நிமிடத்திலேயே யோசிக்க வைக்கிறதே.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது தேதி. வாய்ட் என்பது இன்றைய தேதியில் நடப்பதில்லை, பில் போட்ட பழைய தேதிக்கே போய் அந்த விற்பனையை எடுத்துவிடுகிறது. போன வருடக் கணக்கை முடித்துக் கொடுத்த பிறகு போன வருட பில் ஒன்றை வாய்ட் செய்தால், கொடுத்த கணக்கும் சாஃப்ட்வேரில் இருக்கும் கணக்கும் வேறாகிவிடும். அதற்குப் பதில் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் தனிச் சீட்டு) போட்டால் அது இன்றைய தேதியில் விழும், பழைய பில் அப்படியே இருக்கும். முடிந்துபோன மாதத்து பில் என்றால் நான் வாய்ட் பட்டன் பக்கமே போக மாட்டேன்.

ஆன்லைனில் கார்டு பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப்பின் கதை வேறு. டிராஃப்டாக இருக்கும் இன்வாய்ஸை அழிக்கலாம், ஃபைனலைஸ் ஆனதை (முடிவாக்கியதை) அழிக்கவே முடியாது, வாய்ட் மட்டும்தான். அந்தக் கண்டிப்பு நல்லது. பணம் வந்த இன்வாய்ஸுக்கு கிரெடிட் நோட் போட்டால், கார்டுக்கே திருப்பவா, கஸ்டமர் பேலன்ஸில் வைக்கவா, வெளியே நாமே கொடுத்துக்கொள்கிறோமா என்று கேட்கிறது. இந்த ஒரு கேள்வியை மற்றவர்களும் கேட்கலாம். சிக்கல் சந்தாவில்தான். நடுவில் கேன்சல் செய்தால் மீதி நாட்களுக்கான பணம் தானாகத் திரும்பாது, ப்ரோரேட் (நாள் கணக்கில் பிரிப்பது) செய்யச் சொன்னால்தான் கணக்குப் பார்க்கும். அப்படிப் பார்த்தாலும், ரீஃபண்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது அடுத்த பில்லில் கழிக்க வேண்டிய வரவுதான். சந்தாவே போன பிறகு அடுத்த பில் எங்கிருந்து வரும்? இன்னொன்று, கஸ்டமர் பேலன்ஸில் மைனஸ் இருந்தால் கஸ்டமருக்கு நாம் தர வேண்டியது என்று அர்த்தம். முதல் முறை பார்ப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தர வேண்டியவரிடமே பாக்கி கேட்டு மெயில் அனுப்பிவிடுவார்கள்.

இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது கடை, கணக்குப்புத்தகம் இல்லை. கேன்சல்ட் என்று ஸ்டேட்டஸ் மாற்றினால் பணம் திரும்பாது, ரீஃபண்டட் என்று கையால் மாற்றினாலும் திரும்பாது. ஆர்டருக்குள் போய் ரீஃபண்ட் பட்டனைத் தட்டி, அதில் கேட்வே (பணம் வாங்கிய ஆன்லைன் சேவை) வழியாக என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பணம் போகும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆர்டர் கேன்சலானால் பில்லை அழித்துவிடுவதுதான் வழக்கம். (என்ன சாஃப்ட்வேர் என்பதை விடுங்கள், தப்பு எங்களுடையது.) ஒருநாள் ஒரு கஸ்டமர் பழைய ரசீதோடு வந்து நின்றார். பணம் வந்தது வங்கிக் கணக்கில் இருக்கிறது, எதற்கு வந்தது என்று எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. அவருடைய ரசீதை வைத்துத்தான் எங்கள் கணக்கையே சரிசெய்தோம்.

அதனால் ட்ரையல் எடுத்தால் இந்த 1,000, 400 கணக்கைப் போட்டு கேன்சல் செய்துவிட்டு, உடனே பாக்கிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 400 அங்கே கஸ்டமர் பெயரில், கேன்சலான பில் எண்ணோடு தெரிகிறதா? தெரியாவிட்டால் அடுத்த சாஃப்ட்வேரின் ட்ரையலை இறக்கிக்கொள்ளுங்கள்.