பாயின்ட் 45 வாங்கு, 9-க்கும் அதுவே போதும் என்பார்கள்: கைத்துப்பாக்கி சப்ரஸர்கள், ஒரு ஒப்பீடு

டெக்சாஸில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போய் "கைத்துப்பாக்கிக்கு எந்த சப்ரஸர் வாங்கலாம்?" என்று கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். (சப்ரஸர் என்பது சுடும் சத்தத்தைக் குறைக்க, பேரலின், அதாவது துப்பாக்கிக் குழலின், நுனியில் மாட்டும் குழாய். சைலன்சர் என்பதும் இதைத்தான்.) "பாயின்ட் 45 வாங்கிடுங்க. 9 மில்லிமீட்டருக்கும் அதையே மாட்டிக்கலாம்." பாயின்ட் 45 என்பது 0.45 அங்குலத் தோட்டா, 9 மில்லிமீட்டர் அதைவிடச் சிறியது. நானும் அப்படித்தான் வாங்கினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லியும் வந்தேன். இப்போது சொல்வதில்லை. அந்த அறிவுரை பிறந்தது பொறியியலில் இல்லை, அரசு போட்ட ஒரு வரியில்.

1934-இல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டம் ஒவ்வொரு சப்ரஸருக்கும் 200 டாலர் வரி போட்டது. தொண்ணூறு ஆண்டுகளாக அந்தத் தொகை மாறவே இல்லை. பணம் ஒரு பக்கம், காத்திருப்பு இன்னொரு பக்கம். கைரேகை, புகைப்படம், படிவம் 4 (சப்ரஸரை நம் பெயருக்கு மாற்றக் கேட்கும் அரசு விண்ணப்பம்) எல்லாம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் "ஒன்றே வாங்கு, எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக வாங்கு" என்பது நல்ல யோசனைதான். 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். படிவமும் கைரேகையும் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் படிவம் இணைய வழிக்கு வந்த பிறகு காத்திருப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆக, பழைய கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

சட்டத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை, அப்புறம் விட்டுவிடுகிறேன். 42 மாநிலங்களில்தான் தனிநபர் சப்ரஸர் வைத்திருக்கலாம். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் முடியாது. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கியே வைத்திருக்க முடியாது. கிரீன் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இது தடை செய்யப்பட்ட வகை. ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துப் போகிற நினைப்பே வேண்டாம்.

சைலன்சர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புல்லட் வண்டியின் புகைக்குழாய். அது தப்பும் இல்லை. 1909-இல் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம் (மெஷின் கன் கண்டுபிடித்த மாக்சிமின் மகன்) அதே தத்துவத்தை எஞ்சின் சத்தத்தை அடக்கவும் பயன்படுத்தினார். சூடான வாயுவை ஒரே மூச்சில் வெளியே விடாமல், தடுப்புத் தட்டுகளுக்கு இடையே சுழலவிட்டு, ஆறவைத்து, மெதுவாக வெளியேற்றுவது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

ஆனால் சினிமாவில் கேட்கும் அந்த "ப்ஸ்க்" சத்தத்தை மறந்துவிடுங்கள். 9 மி.மீ. கைத்துப்பாக்கி சுடும்போது 160 டெசிபெல்லை ஒட்டிச் சத்தம் வரும். நல்ல சப்ரஸர் அதிலிருந்து 30 டெசிபெல் அளவுக்குக் குறைக்கும். கண நேரச் சத்தத்துக்கு 140 டெசிபெல்லைத்தான் காதுக்கு ஆபத்தான எல்லையாக வைத்திருக்கிறார்கள். சப்ரஸர் அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து தரும், அவ்வளவுதான். கூரை போட்ட ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) பக்கத்து லேன்காரர் சப்ரஸர் இல்லாமல் சுடுவார் என்பதால் நான் எப்படியும் காதடைப்பானைக் கழற்றுவதில்லை.

தோட்டாவும் முக்கியம். 115 கிரெயின் (தோட்டாவின் எடையைச் சொல்லும் அளவு) 9 மி.மீ. தோட்டா பெரும்பாலும் ஒலியின் வேகத்தை (சாதாரண வெப்பநிலையில் நொடிக்கு சுமார் 343 மீட்டர்) தாண்டிப் போகும். அது காற்றைக் கிழிக்கிற "டப்" சத்தத்தை எந்த சப்ரஸராலும் அடக்க முடியாது. 147 கிரெயின் வாங்கினால் 300 மீட்டர் பக்கம் நிற்கும். பாயின்ட் 45-க்கு இந்தக் கவலையே இல்லை. அதன் 230 கிரெயின் தோட்டா இயல்பிலேயே மெதுவாகத்தான் போகும். 1990-களில் அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக ஹெக்லர் அண்ட் கோக் செய்த மார்க் 23 துப்பாக்கி, சப்ரஸரோடு பாயின்ட் 45-இல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். (அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் எடையைப் பற்றிப் புலம்பியதும் பிரசித்தம்.)

சரி, போட்டியாளர்கள். நான் எடுத்துக்கொள்வது நான்கு: ரக்கட் கம்பெனியின் அப்சிடியன் 45, அதன் தம்பி அப்சிடியன் 9, சைலன்சர்கோ ஆஸ்ப்ரே 45, அதே கம்பெனியின் ஹைப்ரிட் 46எம்.

அளவைப் பார்ப்பதற்கு முன்னால் இவை துப்பாக்கியில் எப்படி உட்காருகின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பிரௌனிங் முறை. சுட்டதும் பேரலும் ஸ்லைடும் (பேரலை மூடி, முன்னும் பின்னும் நகரும் மேல் உறை) பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் நகரும். பிறகு பேரலின் பின்பக்கம் கீழே சாயும். ஸ்லைடு மட்டும் தனியாகப் போய் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும். பேரலின் நுனியில் முந்நூறு கிராமைத் தொங்கவிட்டால் இந்த ஆட்டமே நின்றுவிடும். அதற்காகத்தான் பூஸ்டர். அதன் உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். பிஸ்டன் பேரலோடு திருகப்பட்டிருக்கும். சப்ரஸர் குழாய் ஸ்பிரிங்கில் மிதக்கும். சுடும் அந்தக் கணத்தில் குழாய் நின்ற இடத்திலேயே நிற்க, பேரல் எடை தெரியாமல் பின்னால் போய் வரும்.

என் முதல் மாதக் கதையைக் கேளுங்கள். என் 9 மி.மீ. கைத்துப்பாக்கியான க்ளாக் 19-க்குக் கம்பெனியின் மரை போட்ட பேரல் வாங்கினேன். சப்ரஸரில் அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை பிஸ்டன் இருந்தது. அமெரிக்காவில் 9-க்கு வழக்கமான அளவு அதுதான். மாட்டப் பார்த்தால் ஏறவே மாட்டேன் என்கிறது. மரை நசுங்கியிருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். துடைத்தேன், எண்ணெய் விட்டேன், திரும்பவும் முயன்றேன். கடைசியில் ரேஞ்சில் இருந்த ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஐரோப்பிய மரை. இடப்பக்கம் சுற்றணும்" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். க்ளாக் கம்பெனியின் 9 மி.மீ. பேரல் 13.5 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி, இடது மரை. கூட ஒரு பிஸ்டன் வாங்க வேண்டியதாயிற்று. தப்பு முழுக்க என்னுடையது. பேரலை வாங்கும்போதே கேட்டிருக்கலாம்.

இரண்டாவது தப்பும் என்னுடையதே. பிஸ்டனுக்குக் கிரீஸ் போட மறந்துவிட்டேன். இருநூறு தோட்டாவுக்குப் பிறகு கரி பிடித்துப் பிஸ்டன் நகரவில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஸ்லைடைக் கையால் இழுக்க வேண்டிய நிலை. பெரியவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

இனி அளவு. அப்சிடியன் 45-இன் முழு நீளம் 8.6 அங்குலம், எடை 12.8 அவுன்ஸ், அதாவது 363 கிராம். க்ளாக் 19 மொத்தமே ஏழேகால் அங்குலம்தான். துப்பாக்கியைவிட நீளமான குழாயை அதன் மூக்கில் மாட்டுகிறோம். முன்பகுதியைக் கழற்றினால் 6.7 அங்குலம், 10.7 அவுன்ஸ். கழற்றினாலும் ஒரு பெட்டி சுட்டு முடிப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கத்தான் செய்கிறது. பாயின்ட் 45-க்கு மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு இந்த நான்கில் இல்லை என்பது என் எண்ணம்: அருமையாக அடக்கும், உள்ளே பிரித்துச் சுத்தம் செய்யலாம், நீளத்தை மாற்றலாம்.

9-க்குத்தான் அது அரைமனசு. தோட்டா போகும் துளை 45-க்காக அகலமாக இருப்பதால் 9 மி.மீ. தோட்டாவைச் சுற்றி வாயு முன்னால் நழுவிவிடுகிறது. உட்கொள்ளளவு பெரியது என்பதால் சத்தத்தில் இழப்பு ரொம்ப அதிகமில்லை. காதால் மட்டும் கேட்டு வித்தியாசம் சொல்ல நானே தடுமாறுவேன். முகத்துக்கு வரும் புகை சற்றுக் குறைவு என்கிற நன்மையும் உண்டு. தொந்தரவு தருவது பருமன். 9-க்குத் தேவையில்லாத எடையையும் நீளத்தையும் ஒவ்வொரு தடவையும் தூக்குகிறோம்.

அப்சிடியன் 9 இதைத் தீர்க்கிறது. முழுசாக மாட்டினாலும் 8 அங்குலத்துக்குள். முன்பகுதியைக் கழற்றினால் 5 அங்குலத்தை ஒட்டி நிற்கும், எடையும் நன்றாக இறங்கும். அந்தக் குட்டை வடிவத்தில் க்ளாக் மறுபடியும் ஒரு துப்பாக்கி மாதிரி கைக்கு வருகிறது. குட்டையாக்கினால் சத்தம் கூடும், மறைப்பதற்கில்லை. உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டுச் சுட்டால் கொஞ்சம் அடங்கும். ஆவியாகும் நீர் வாயுவின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பத்துப் பதினைந்து தோட்டாவுக்குள் அந்தப் பலன் தீர்ந்துவிடும். அதற்குள் கறுப்புத் தண்ணீர் கண்ணாடி மேலெல்லாம் தெறித்திருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

9 மி.மீ. கார்பைன் (குட்டை ரைஃபிள்) வைத்திருப்பவர்களுக்கு அப்சிடியன் 9 இன்னும் பொருத்தம். சி.இசட். ஸ்கார்பியன் போன்றவற்றில் பேரல் நகராது. அங்கே ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அசையாத வளையம் ஒன்றைப் போட வேண்டும். மறந்து ஸ்பிரிங்கோடே சுட்டால் குழாய் முன்னும் பின்னும் இடித்து பூஸ்டர் வீணாகும். அந்த வளையம் சின்னத் துண்டுதான். துப்பாக்கிப் பெட்டியிலேயே ஒன்று போட்டு வையுங்கள்.

ஆஸ்ப்ரே 45 வேறு ரகம். உருளையாக இல்லாமல் பேரலின் கோட்டிலிருந்து கீழே தள்ளி வைத்த பெட்டி வடிவம். சுமார் 8 அங்குலம், 11 அவுன்ஸ். இதன் பெரிய லாபம்: வழக்கமான உயரமுள்ள குறிமுனைகள் (குறி பார்க்க ஸ்லைடின் மேல் இருக்கும் முனைகள்) மறையாது. உருளைக் குழாய் மாட்டினால் முன்குறி குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உயரமான குறிமுனைகள் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். ஆஸ்ப்ரேக்கு அந்தச் செலவில்லை. ஆனால் இப்போது கைத்துப்பாக்கிகளில் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி சர்வசாதாரணமாகிவிட்டது. அது உயரத்தில் இருப்பதால் குழாய் பெரிதாக மறைப்பதில்லை. ஆஸ்ப்ரே பிறந்த காலத்தில் இருந்த பிரச்சினை பாதி கரைந்துவிட்டது. பெட்டி கோணலாக உட்காராமல் ஒவ்வொரு தடவையும் நேராக்கிப் பூட்ட வேண்டும் என்பதும், ஆஸ்ப்ரேயை நாமே முழுதாகப் பிரித்துக் கழுவ முடியாது என்பதும் எனக்குப் பிடிக்காதவை. பழைய பெரெட்டா 92 மாதிரி இரும்புக் குறியோடே வைத்துச் சுடப் பிரியப்படுகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன்.

ஹைப்ரிட் 46எம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாயின்ட் 45-70 என்கிற பெரிய ரைஃபிள் தோட்டா வரை தாங்கும். கைத்துப்பாக்கிக்குப் போட பூஸ்டரைத் தனியாக வாங்க வேண்டும். போட்டால் நான்கிலும் கனமானது இதுதான். ரைஃபிளுக்கு வாங்கிவிட்டு எப்போதாவது கைத்துப்பாக்கியில் மாட்டிப் பார்க்கலாம். கைத்துப்பாக்கிக்கென்றே வாங்குவது, சந்தைக்குப் போக லாரி பிடிப்பது.

பெட்டியில் என்ன தோட்டா அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் பத்துக்கு ஒன்பது பெட்டி 9 மி.மீ. பாயின்ட் 45-ஐ வருஷத்துக்கு நாலைந்து தடவை சுடுகிறேன். நாலைந்து தடவைக்காக மீதி நாளெல்லாம் கனத்தைச் சுமந்தேன். சப்ரஸர்களின் விலை 800, 900 டாலர் வட்டத்தில் இருக்கும்போது 200 டாலர் வரி சேர்ந்தால் இரண்டாவது ஒன்றை நினைக்கவே மனசு வராது. இப்போது வரி இல்லை. 9 மட்டும் சுடுகிறவர் அப்சிடியன் 9-ஐ முதலிலேயே எடுக்கலாம். 45-ஐயும் சமமாகச் சுடுகிறவருக்குத்தான் பழைய அறிவுரை இன்னும் பொருந்தும். அப்போதும் 9-க்கான பிஸ்டனைக் கூடவே வாங்கிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் ஒப்புதல் வரும்வரை அது கடையின் பெட்டகத்தில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் பேரலை வாங்கி, மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கையால் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் பிஸ்டனுக்குப் பணம் கட்டுங்கள். நான் சுற்றிப் பார்க்காத பிஸ்டன் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.